மரச் சிற்பம்: காயாத கட்டையில் உளி வைத்தால்

சாய்ந்த மரத்தில் ஒரு மனித முகம், நெற்றியில் பழைய சர்க்யூட் போர்டு, உள்ளே எல்இடி வெளிச்சம். டெல்டாவில் புயலும் மரமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படியொரு சிற்பம் செய்யும் ஆசை வருவது இயல்புதான். ஆனால் யோசனைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதிகூடப் பலர் கட்டைக்குக் கொடுப்பதில்லை.

பெரிய தவறு ஈரம். ஐப்பசி மழையில் விழுந்த வேம்பும் பூவரசும் உளிக்குச் சுலபமாக இழையும். சித்திரை வெயிலில் அதே முகம் நெற்றி முதல் தாடை வரை பிளக்கும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் சுமார் 2 மடங்கு. அதனால் உருட்டுக்கட்டையை முழுசாக வைத்துச் செதுக்கினால் வெடிப்பு நிச்சயம். நெடுக்காகப் பிளந்து நடுப்பகுதியை நீக்குங்கள், அல்லது பின்புறம் குடையுங்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாக்கட்டையைக் குடைவது நாதத்துக்காக. உங்களுக்கு அது வெடிப்பைக் குறைக்கும். வெட்டிய முனைகளில் பெயின்டோ மெழுகோ பூசி, தரையில் படாமல் நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. சந்தேகம் இருந்தால் மாதாமாதம் எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகு உளியை எடுக்கலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தவற்றில் தென்னைதான் ஏராளம். மற்ற மரங்களுக்கு வைரம், அதாவது முற்றிய கெட்டிப் பகுதி, உள்ளே. தென்னைக்கு உறுதி வெளிப்பக்கம், உள்ளே மென்மையான சோறு. ஆழமாகச் செதுக்கினால் உதிரும்.

மூக்கும் விரலும் நாரின் குறுக்கே அமைந்தால் ஒடியும். கணினி சொல்படி செதுக்கும் சிஎன்சி மெஷினுக்கு இது தெரியாது, கட்டையைத் திருப்பி வைப்பது உங்கள் வேலை. வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் பூச்சி விழும். பாலிஷுக்கு முன்பே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசிவிடுங்கள்.

அப்புறம் ரெசின், ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின். ஈர மரத்தின்மேல் ஊற்றினால் குமிழி கட்டும், பிறகு விட்டுப் பிரியும். (மரத்தைவிட ரெசின் அதிகமாக இருப்பதை ‘இயற்கைக் கலை’ என்பது எனக்கு ஒப்பவில்லை.) எல்இடி-யை அதில் புதைக்காமல், பின்னால் ஸ்க்ரூ போட்ட மூடியும் காற்றுத் துளையும் வையுங்கள். உலோகத் தகட்டை இறுக்கி அறைய வேண்டாம். தகட்டின் ஸ்க்ரூ துளையை நாருக்குக் குறுக்கே நீட்டிப் போட்டால் மரம் அசைய இடமிருக்கும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் முக்கியோ, வெளியே விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.