பழைய பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஹைப்ரிட் பேட்டரியை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் மட்டும் மூன்று பழைய டொயோட்டா பிரியஸ் (பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் காடி) ஓடுகின்றன. திரையில் பேட்டரி கோடு மளமளவென்று இறங்கினால் போதும், வயிற்றில் புளியைக் கரைக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு பட்டறையில் பார்த்த மாத்திரத்தில் முழு பேட்டரியையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் கோளாறு தோட்டத்துச் செம்மண் தூசி. ஆகவே பணத்தை எடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள். நான் சொல்வது 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கு.

1. சின்ன பேட்டரி. பூட்டில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. அது இளைத்துப்போனால் கண்ட கண்ட விளக்கெல்லாம் எரியும். இரவு முழுக்க நிறுத்திய காடியில் காலையில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் நல்லது. 12-க்குக் கீழே போனால் முதலில் இதைக் கவனியுங்கள்.

2. காற்று வழி. நிறைய பேர் விட்டுவிடுவது இதைத்தான். பெரிய ஹைப்ரிட் பேட்டரியில் 28 மாட்யூல், மொத்தம் 168 செல், 201.6 வோல்ட். எல்லாம் ஒரே சங்கிலி, ஒன்று சோர்ந்தால் மற்றவையும் சேர்ந்து கஷ்டப்படும். சோர வைப்பது சூடு. அந்தச் சூட்டைத் தணிக்கும் விசிறி காற்றை இழுப்பது வெளியிலிருந்து இல்லை, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து. பின் இருக்கைக்குப் பக்கவாட்டில் ஒரு சல்லடை இருக்கும், அதுதான் அதன் மூக்கு. செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் தூசி நேராக அங்கேதான் போகும். நாய் முடியும் அப்படியே.

காடியை அணைத்துவிட்டு வேக்குவம் போட்டு சல்லடையை உறிஞ்சுங்கள். அதன் மேல் பை, துணி வைக்காதீர்கள். விசிறிக்குள்ளேயே தூசி அப்பியிருந்தால் ஹைப்ரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆரஞ்சு நிற வயர் பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்த வயர், அதை நீங்கள் தொடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

3. பிளாக் வோல்டேஜ். காடியின் கணினியைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியைச் செருகி, கைப்பேசியில் டாக்டர் பிரியஸ் செயலியைத் திறந்தால் 14 பிளாக் தெரியும் (இரண்டு மாட்யூல் சேர்ந்தது ஒரு பிளாக்). பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மேட்டில் ஏறுங்கள், திரையை அவர் பார்க்கட்டும். எல்லாம் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறினால் நிம்மதி. ஒரே பிளாக் திரும்பத் திரும்ப மற்றவற்றைவிட அதிகமாக விழுந்தால் கோளாறு அங்கேதான். பி0ஏ80 (P0A80) என்ற பிழைக் குறியீடும் வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

4. ஓட்டும்போது. வெயிலில் நின்ற காடி என்றால் முதலில் ஏர்கோன் போட்டு உள்ளே குளிரவிடுங்கள். நமக்குக் குளிர்ந்தால் பேட்டரிக்கும் குளிரும். அப்புறம், தீபாவளிக்கு ஊர் திரும்பும் நெரிசலில் வெகுநேரம் நிற்கும்போது கியரை என்-இல் (நியூட்ரல்) வைக்காதீர்கள். என்-இல் பேட்டரி சார்ஜ் ஆகாது. பி-இல் (பார்க்) போடுங்கள். மாதக்கணக்கில் வெளியூர் போகிறீர்களா? சாவியை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, அவ்வப்போது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டுப் போங்கள்.