மின்வில் உலைத் தூசியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க: தண்ணீர் மட்டும் வேண்டாம்

துத்தநாகம் பூசிய பழைய தகடு, மின்சார வில்லின் சூட்டில் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைக்குள் போனால், துத்தநாகம் எஃகோடு தங்காது. எஃகு உருக 1,600 டிகிரிக்குப் பக்கம் வேண்டும், துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த ஆவி புகையோடு போய், வடிகட்டிப் பைகளில் பழுப்புத் தூசியாகப் படிகிறது. டன் எஃகுக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ. துத்தநாகம் அதில் சின்சைட்டாக (துத்தநாக ஆக்சைடு) இருந்தால் அமிலத்தில் சுலபமாகக் கரையும், ஃபிராங்க்லினைட்டாக (இரும்போடு சேர்ந்த துத்தநாக ஆக்சைடு) இருந்தால் லேசில் மசியாது. இந்த இரண்டில் எதுவாக இருக்கிறது என்பதைத்தான் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தேடப்போகிறோம்.

ஈயமும் காட்மியமும் உள்ள தூசி இது. முகமூடி, கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

காயவைத்த தூசியை எபாக்சிப் பிசினில் குழைத்து, வெற்றிடத்தில் குமிழி அடங்கும்வரை வையுங்கள். கனமான துகள் அடியில் இறங்கிவிடும், அதனால் இறுகியதும் மவுண்டை (தூசி பதிந்த அந்தப் பிசின் கட்டியை) நெடுக்காக வெட்டி அந்த முகத்தைத்தான் பாலிஷ் செய்யவேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வழக்கம்போலத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், பார்த்தால் தூசியின் உருண்டைத் துகள்களுக்கு நடுவே எங்கும் குழி. பிசினுக்குள் காற்று மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூன்று மவுண்ட் திரும்பப் போட்டேன், குழி போகவில்லை. கடைசியில் அதே தூசியைக் கார்பன் டேப்பில் அப்படியே தூவிப் பார்த்தபோது, குட்டிக் குட்டிக் கனசதுரங்களாக உப்பு! சோடியம், பொட்டாசியம் குளோரைடுகளைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. தூசியில் உள்ள சுண்ணாம்பும் நீர் பட்டால் மாறிவிடும். அப்புறம் தேய்ப்பது, கழுவுவது எல்லாமே நீரற்ற ஆல்கஹாலில்தான், முடிப்பது எண்ணெயில் கலந்த 1 மைக்ரான் வைரப் பசையில். நீரில் கலந்து வரும் சிலிக்கா பாலிஷ் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

மேலே கார்பன் பூச்சு போதும். பின்சிதறல் படத்தில் (எதிரே சிதறித் திரும்பும் எலெக்ட்ரான்களால் எடுப்பது, கனமான தனிமம் வெளிச்சமாகத் தெரியும்) ஈயம் உள்ளவை பளிச்சென்று இருக்கும், சின்சைட் அதற்கடுத்த வெளிச்சம், ஃபிராங்க்லினைட்டும் மாக்னடைட்டும் (இரும்பு ஆக்சைடு) கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். வெட்டுப்பட்ட சில உருண்டைகள் உள்ளே வெற்றாக, அதற்குள் இன்னும் சின்ன உருண்டைகளோடு இருக்கும். அவற்றை நின்று பாருங்கள், அவ்வளவு அழகு.

பிற்சேர்க்கை: "எங்கே வைத்தாலும் சோடியம் காட்டுகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். எலெக்ட்ரான் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்-கதிர் கோடுகளை வெளியிடும், அதை வைத்துத்தான் கருவி தனிமத்தைச் சொல்கிறது. துத்தநாகத்தின் எல் கோடு 1.01, சோடியத்தின் கோடு 1.04 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 20 கிலோ வோல்ட்டில் வைத்து 8.64-இல் வரும் துத்தநாகக் கோட்டையும், கூடவே குளோரின் இருக்கிறதா (இருந்தால் அது உப்பின் சோடியமாக இருக்கலாம்) என்பதையும் பாருங்கள். ஆனால் அந்த வோல்ட்டேஜில் எலெக்ட்ரான் கற்றை ஒரு மைக்ரானுக்கு மேல் உள்ளே இறங்கும், துகள் அதைவிடச் சிறிதென்றால் பக்கத்துத் துகளின் இரும்பும் கணக்கில் வந்துவிடும். 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளாகத் தேர்ந்து, நட்டநடுவில் புள்ளி வையுங்கள்.