வாடகை கொடுக்கிற நாம் காம்ப்ளக்ஸுக்கு மார்க் போடுவது எப்படி?

ராமநாதபுரத்தில் குழந்தைகள் துணிக்கடை, ராமேஸ்வரத்தில் வேட்டி, துண்டு, நைட்டி விற்கிற சின்னக் கிளை. இரண்டுமே வாடகைக் கடை, இரண்டுமே காம்ப்ளக்ஸ். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் ஓனர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வியாபாரம் எப்படிம்மா போகுது?" நல்லாப் போகுது என்றால் வாடகை ஏறும். சுமார் என்றால், "அது உங்க கையிலதானே இருக்கு" என்பார்கள்.

வியாபாரம் எப்படி என்பது ஒரு கேள்வி, காம்ப்ளக்ஸ் எப்படி என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குக் கடைக்காரர்கள் சேர்ந்து மார்க் போட்டு, எழுத்தில் கொடுக்கலாம். எட்டுப் பத்துக் கடை இருந்தாலே போதும்.

முதலில் கடலைக் கழியுங்கள்

நம் கரையில் கல்லாவை நிர்ணயிப்பதில் கட்டடத்துக்கு முன்னால் கடல் வந்து நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த இரண்டு மாதமும் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கையில் காசு புழங்காது. பள்ளி திறக்கிற நேரமும் அதற்குள்ளேயே வந்து மாட்டிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் போய் "கூட்டம் எப்படி?" என்று கேட்டால் நல்ல காம்ப்ளக்ஸுக்கும் ஃபெயில் மார்க்தான் விழும்.

ரயிலும் அப்படித்தான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்தக் காலத்துக் கணக்கை வைத்து ராமேஸ்வரம் கட்டட ஓனரைக் குறை சொல்வதும், ரயில் வந்த பிறகு ஏறிய வியாபாரத்தைத் தன் கட்டடத்தின் பெருமையாக ஓனர் சொல்வதும் ஒரே மாதிரித் தப்பு.

ஒப்பிடும்போது போன வருடத்தின் அதே மாதத்தை எடுப்பார்கள். இங்கே அது சரிவராது. ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். கீழக்கரையில் கடை வைத்திருப்பவர் மார்ச்சுக்கு மார்ச் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. ரமலானுக்கு ரமலான் ஒப்பிட வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசையும் அதேபோல, தேதியை விட்டுவிட்டுத் திதியைப் பிடியுங்கள்.

மார்க் போட எனக்குப் பிடித்த மாதம் செப்டம்பர். தடைக்காலம் முடிந்து பணம் நடமாடும், தீபாவளிக் கொள்முதல் தலைக்கு மேல் ஏறியிருக்காது. ராமேஸ்வரத்தில் மட்டும் மகாளய அமாவாசைக்கு முந்தைய பதினைந்து நாளை விட்டுவிடுங்கள்.

ஆள் எண்ணுவது

"நல்ல கூட்டம்" என்று ஓனரும் "ஈ ஓட்டுறோம்" என்று நாமும் சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு முடியாது. எண்ண வேண்டும். கேமரா, மெஷின் எதுவும் வேண்டாம். மணிக்குப் பதினைந்து நிமிடம் ஒரு பையனைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். நான்கால் பெருக்கினால் அந்த மணிக்கான கணக்கு. ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு, சம்பள வாரத்தில் ஒரு நாள், இவ்வளவு போதும்.

எண்ண வேண்டிய இடம் நான்கு: காம்ப்ளக்ஸ் வாசலில் நுழைபவர்கள், மாடி ஏறுபவர்கள், என் கடைக்குள் வருபவர்கள், பில் போடுபவர்கள். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வாசலில் 400, மாடியில் 60, கடைக்குள் 20, பில் 8. இருபதில் எட்டுப் பேர் வாங்குகிறார்கள் என்றால் என் சரக்கிலும் விலையிலும் பெரிய கோளாறு இல்லை. அறுபதில் இருபது பேர் உள்ளே வருவது என் கண்ணாடி அலமாரியைப் பொறுத்தது. ஆனால் 400 பேர் நுழைந்த கட்டடத்தில் 60 பேர்தான் மாடி ஏறுகிறார்கள் என்றால் படிக்கட்டு இருட்டாக இருக்கிறது, அல்லது மேலே என்னென்ன கடை இருக்கிறது என்று கீழே ஒரு போர்டு இல்லை. அது ஓனர் வேலை. எது யார் பொறுப்பு என்று பிரித்துக் காட்ட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் என்றாலும் யார் கூட்டம் என்று பார்க்க வேண்டும். செல்போன் சர்வீஸ் கடைக்கு வரும் பையன்கள் ஃபிராக் வாங்கப் போவதில்லை. மாடியில் குழந்தை டாக்டர் கிளினிக் வந்தால் எனக்கு யோகம்தான். டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கிற அம்மாக்கள் சும்மாவாவது உள்ளே வந்து பார்ப்பார்கள். அதனால் மார்க் தாளில் "பக்கத்துக் கடைகளால் உங்களுக்கு ஆள் வருகிறதா?" என்று தனியாக ஒரு கேள்வி வையுங்கள். மூடிக் கிடக்கும் ஷட்டர் எத்தனை, எத்தனை மாதமாக என்பதையும் குறியுங்கள். இரண்டு கடை பூட்டிக் கிடந்தாலே அந்த வரிசைப் பக்கம் ஆள் திரும்புவதில்லை.

வாடகை என்பது வாடகை மட்டும் இல்லை

"வாடகை நியாயமா?" என்று கேட்டால் எல்லோரும் "அதிகம்" என்றுதான் எழுதுவார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஒரு சின்னக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மாத வாடகை 18,000. மெயின்டனன்ஸ் 2,500. ஜெனரேட்டர் 1,200. வெளிப் போர்டுக்கு 500. மொத்தம் 22,200. மாத வியாபாரம் 2,40,000 என்றால் இடத்துக்கான செலவு 9.25 சதவீதம். அட்வான்ஸ் 3 லட்சம் முடங்கிக் கிடக்கிறது. அதை வருடம் 12 சதவீத வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தால் மாதம் 3,000. இப்போது 10.5 ஆகிவிட்டது. ஓனர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் கடை வாடகைக்கு 18 சதவீதம், அதாவது இந்த வாடகைக்கு 3,240. சாதாரண ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் முறையில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்குக் கழிக்க வழியில்லை, செலவிலேயே சேரும். கணக்கு 11.85 சதவீதத்துக்கு வந்துவிடும். மெயின்டனன்ஸுக்கும் வரி போட்டு பில் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஒன்பதே காலுக்கும் பன்னிரண்டுக்குப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் துணி வியாபாரத்தில் சின்னது இல்லை.

அப்புறம் அளவு. பத்திரத்தில் 300 சதுர அடி என்று இருக்கும். டேப் பிடித்துச் சுவருக்குச் சுவர் அளந்தால் 225 வரும். மீதி படிக்கட்டிலும் வராந்தாவிலும் நம் பங்கு என்பார்கள். 18,000 வாடகைக்குக் காகிதத்தில் சதுர அடி 60 ரூபாய், நிஜத்தில் 80 ரூபாய். பக்கத்துக் காம்ப்ளக்ஸோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அளந்த கணக்கையே எடுங்கள்.

மெயின்டனன்ஸ் பணம் எதற்குப் போகிறது என்று கேட்க நாம் ஏனோ கூச்சப்படுகிறோம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டின் சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே வாடகை, பொதுச் செலவு விவரங்களை உரிமையாளர் எழுத்தில் தந்தாக வேண்டும். இங்கே நாமே கேட்டு வாங்க வேண்டியதுதான். "மெயின்டனன்ஸ் கணக்கைக் காட்டுகிறார்களா?" என்பதை ஒரு கேள்வியாகவே வைத்துவிடுங்கள்.

ஒன்றிலிருந்து ஐந்து: எதற்கு எவ்வளவு?

"சுமார், நன்று, மிக நன்று" என்று போட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிப் புரிந்துகொள்வார்கள். நான் வைத்திருக்கும் அளவு இது:

1 – எத்தனை தடவை சொன்னாலும் நடக்காது.
2 – விரட்டினால் நடக்கும்.
3 – சொன்னால் நடக்கும், நாளாகும்.
4 – சொன்ன ஓரிரு நாளில் நடக்கும்.
5 – நாம் சொல்லும்முன் நடந்திருக்கும்.

பராமரிப்புக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அளவு போதும். ஓனர் வளைகுடாவில் இருந்து, காரியஸ்தர் மட்டும் வாடகை வாங்க வருகிற கட்டடங்கள் நம் பக்கம் நிறைய. அங்கே இந்த அளவு ரொம்ப உதவும். வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பிய தேதி, வேலை முடிந்த தேதி இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் மார்க்குக்கு ஆதாரமும் ஆச்சு.

கேள்விகளை ஊருக்குத் தகுந்தபடி எழுத வேண்டும். மதுரை மாலில் ஏசி குளிர்கிறதா, எஸ்கலேட்டர் ஓடுகிறதா என்று கேட்கலாம். இங்கே முதல் கேள்வி உப்புக்காற்று. ஷட்டர் ஸ்பிரிங், பூட்டு, போர்டு ஃபிரேம், ஏசியின் வெளி யூனிட் எல்லாம் துரு தின்றே போகும். பொதுக் கிரில்லுக்கும் ஷட்டருக்கும் வருடா வருடம் பெயின்ட் அடிப்பது யார், கிரீஸ் வைப்பது யார் என்பது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது நம் தலையில் விழும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் மணல் நேராக உள்ளே வரும். வாடையில் மழைச்சாரல் வரும். வராந்தாவுக்கு மறைப்பு இருக்கிறதா?

ராமேஸ்வரத்தில் தரை. அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, நனைந்த துணியோடு வருபவர்கள்தான் அங்கே எனக்கு வியாபாரம் தருகிறார்கள். வழவழ டைல்ஸ் போட்ட வராந்தாவில் அவர்கள் கால் வைக்கவே பயப்படுவார்கள். சொரசொரப்பான கல் போட்டால் தீரும் விஷயம். இந்தக் கேள்விக்கு அந்தக் காம்ப்ளக்ஸில் எல்லாக் கடையும் 2 போட்டிருந்தது.

கரன்ட் விஷயத்தில் மூன்று கேட்க வேண்டும். தனி ஈபி சர்வீஸா, சப் மீட்டரா? சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள், ஈபி பில்லைக் காட்டுகிறார்களா? ஜெனரேட்டரில் விளக்கு, ஃபேன் மட்டுமா, பில் மெஷினும் ஓடுமா?

கழிப்பறைக்குத் தனித் தாளே போடலாம். இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்றுதான் எழுதுவார்கள். சாவி யாரிடம் இருக்கிறது, சாயங்காலம் தண்ணீர் வருகிறதா, பெண்களுக்குத் தனியா, உள்ளே தாழ்ப்பாள் விழுமா என்று கேளுங்கள். இதைக் கடை முதலாளியிடம் கேட்டுப் பயனில்லை. அவர் வீட்டுக்குப் போய் வந்துவிடுவார். காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். என் கடைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கடைக்கு இரண்டு தாள் கொடுங்கள், ஒன்று முதலாளிக்கு, ஒன்று வேலை செய்பவர்களுக்கு. இரண்டு தாளின் மார்க்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஓனரிடம் முதலில் காட்ட வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

பார்க்கிங், வாட்ச்மேன், குப்பை, பண்டிகைக்கு சீரியல் லைட், லோக்கல் கேபிளில் விளம்பரம் ஆகியவற்றுக்குத் தலா ஒரு கேள்வி போதும்.

கடைசியாக இரண்டு: "இதே வாடகையில் இன்னும் மூன்று வருடம் இங்கேயே இருப்பீர்களா?" "உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ இங்கே கடை எடுக்கச் சொல்வீர்களா?" முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று எழுதுகிறவர்கள் அட்வான்ஸ் மாட்டிக்கொண்டதால் இருக்கிறவர்கள். அவர்களை எண்ணுங்கள்.

தாளை வாங்குவது, கூட்டுவது

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. நியாயம்தான். பெயர் வேண்டாம், கீழ்த்தளமா, மாடியா, பின்வரிசையா என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று பயந்தால் வட்டம் மட்டும் போட்டால் போதும். தாளைச் சேர்ப்பவர் ஓனருக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். கீழே ரோட்டைப் பார்த்த பேக்கரி 5 போடும், பின்வரிசைத் தையல் கடை 1 போடும். சராசரி 3 என்று வந்து, "பரவாயில்லையே" என்பார் ஓனர். தளவாரியாகத் தனித்தனியாக எழுதுங்கள். 1, 2 போட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆள் கணக்கிலேயே சொல்லுங்கள். ஒன்பது கடை இருக்கிற இடத்தில் சதவீதம் பேசினால் சிரிப்பார்கள்.

இன்னொன்று: ஒவ்வொருவரும் தனக்கு முக்கியமான மூன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். மார்க் குறைவாகவும், நிறையப் பேருக்கு முக்கியமாகவும் உள்ளவைதான் உங்கள் கோரிக்கை. பார்க்கிங்குக்கு 1 விழுந்திருக்கலாம். யாருக்கும் அது முக்கியம் இல்லை என்றால் விடுங்கள்.

ஓனரிடம் கொண்டுபோவது

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது போங்கள். கடைசி வாரத்தில் போனால் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும். நன்றாக நடப்பவற்றை முதலில் சொல்லுங்கள், அதுவும் மார்க்கோடு. கோரிக்கை மூன்றைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று பெயின்டரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒரு கடை நான்கு மாதம் பூட்டிக் கிடந்தால் போகிற வாடகையைப் பக்கத்திலேயே எழுதினால், அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நகர்ப்புறத்தில் கடை வாடகைக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. தகராறு வந்தால் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தவும் கூடாது. "பத்து மாச அட்வான்ஸ்தான் இங்க வழக்கம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அது நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கையெழுத்துக்கு முன்புதான் பேச வேண்டும்.

சில ஓனர்கள் எதையும் சரிசெய்யாமல், "ஆயிரம் ரூபா குறைச்சுக்கிறேன், விடும்மா" என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். மாடிக்கு ஏறும் ஆள் கூடினால் வருவது அந்த ஆயிரத்தைவிட அதிகமா என்று உங்கள் நான்கு எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சில சமயம் ஆயிரமே மேல் என்று வரும். அப்படி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓனர் எதற்கு ஒப்புக்கொண்டாலும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அவரிடமோ காரியஸ்தரிடமோ கையெழுத்து வாங்கி, நகலை ஒப்பந்தப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்த செப்டம்பரில் அதே கேள்விகளை, அதே சொற்களில், அதே வரிசையில் கேளுங்கள். கேள்வியைத் திருத்தினால் மார்க் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாது. புதிதாக ஏதாவது கேட்கத் தோன்றினால் தாளின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.