வளைந்த கோட்டை நிமிர்த்தியது எப்படி?

நியூட்டனின் இரண்டாம் விதிக்கான (விசை = நிறை × முடுக்கம்) ட்ராலி சோதனையில், பலகைமேல் நிற்கும் சக்கர வண்டியான ட்ராலியை, கப்பி வழியாகப் போகும் நூலில் தொங்கும் எடைக்கல் இழுக்கும். என் வரைபடத்தில் விசை–முடுக்கம் கோடு ஆதிப்புள்ளியைத் (0, 0) தொடாமல் விசை அச்சிலேயே முட்டி நின்றது. உராய்வுதான் காரணம். பலகையில் ட்ராலி கிளம்பும் முனைக்கு அடியில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன். நூல் இல்லாமல் லேசாகத் தள்ளினால் சீரான வேகத்தில் போக வேண்டும், அவ்வளவு உயரம் போதும். கப்பி இறுகியிருந்தால் இதெல்லாம் வீண். முதலில் அதைச் சுழற்றிப் பாருங்கள்.

சரி, கோடு ஆதிப்புள்ளிக்கு வந்துவிட்டது. ஆனால் எடைக்கல் கூடக்கூட அதன் மேல்முனை விசை அச்சுப் பக்கமாக வளைந்து படுத்தது. தொங்கும் கல்லும் சேர்ந்துதானே முடுக்கமடைகிறது! வெளியிலிருந்து கல்லைக் கொண்டுவந்து மாட்டினால் மொத்த நிறையும் ஏறிவிடும். அதனால் எல்லாக் கற்களையும் ட்ராலியில் ஏற்றிவிட்டு, அங்கிருந்தே எடுத்து நூலில் மாட்டினேன். மொத்தம் 1 கிலோகிராம், அதில் 100 கிராம் தொங்கினால் விசை 0.98 நியூட்டன், முடுக்கமும் ஏறக்குறைய 0.98 மீ/வி² வந்தது.