தொடக்க வகுப்பில் தவறான விடையைப் பாடமாக்குவது எப்படி

52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய பிள்ளையை, தொடக்க வகுப்பில் கணக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் பார்த்திருப்பார். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, சரியான விடை 25 என்று பக்கத்தில் எழுதிக் கொடுப்பது எளிது. ஆனால் பிள்ளையின் மனத்தில் ஓடிய எண்ணம் அந்த 35இல்தான் பதிந்திருக்கிறது. அதைப் படித்தறிந்த பிறகே அடுத்து என்ன கற்பிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இதே 35ஐ எழுதியிருந்தார்கள். தவறு ஒன்றுதான் என்று எண்ணி, இருவரையும் அருகில் அமர்த்தி ஒரே விளக்கத்தைக் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்குப் புரிந்தது. மற்றப் பிள்ளை மறுநாளும் அதே பிழையைச் செய்தபோதுதான், 'எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக் காட்டு' என்று கேட்டேன். முதல் பிள்ளை ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதியிருந்தது. இரண்டாம் பிள்ளையோ பத்தைப் பிரித்து, 12இலிருந்து 7ஐச் சரியாகவே கழித்து 5 என்று எழுதியிருந்தது. பத்துகள் இடத்தில் இருந்த 5ஐ 4 ஆக்க மட்டும் மறந்துவிட்டது. வழிகள் வெவ்வேறு, விடை ஒன்று. நோட்டை மட்டும் பார்த்துத் திருத்தியிருந்தால் இந்த வேறுபாடு எனக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் எண்கள். ஒன்றுகள் இடத்து இலக்கங்களுக்கு இடையே 5 வேறுபாடு இருந்தால், மேற்சொன்ன இரண்டு பிழைகளும் ஒரே விடையில் மறைந்துகொள்ளும். 52க்குப் பதிலாக 53இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழிக்கும் பிள்ளை 34 என்று எழுதும். பத்தைக் குறைக்க மறந்த பிள்ளை 36 என்று எழுதும். சரியான விடை 26. 40இலிருந்து 16ஐக் கழிக்கும் கணக்கு இன்னும் பயனுள்ளது. அங்கே இந்த இரண்டு பிழைகளும் 36, 34 என வெளிப்படுவதோடு, 'பூச்சியத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது, ஆகவே பூச்சியம்' என்று நினைக்கும் பிள்ளை 30 என்று எழுதித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாறாக, 68இலிருந்து 35ஐக் கழிப்பது போன்ற கணக்குகளைத் தவறான விதியை வைத்திருக்கும் பிள்ளையும் சரியாகவே செய்துவிடும். அப்படிப்பட்ட கணக்குகள் இருபதைக் கொடுத்து நோட்டை நிரப்புவதைவிட, தேர்ந்தெடுத்த நான்கைக் கொடுத்து ஒவ்வொன்றையும் பற்றிப் பேசுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

'எப்படிச் செய்தாய்?' என்ற கேள்வியைத் தவறான விடைக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே ஒரு கண்டிப்பாக மாறிவிடும். கேட்டவுடன் பிள்ளை அழிப்பானைத் தேடும். சரியான விடைக்கும் அதே குரலில், அதே ஆர்வத்தோடு கேளுங்கள். ஓரிரு வாரங்களில், அது விளக்கம் சொல்வதற்கான அழைப்பு என்று வகுப்பு முழுவதும் பழகிவிடும்.

கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் வெளியான தம் ஆய்வுகளில் காட்டினார். அந்த இடைவெளி 3 நொடியாக நீண்டபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுவோர் கூடினர், 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று நொடி என்பது வகுப்பறையில் மிக நீண்ட மௌனமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிக்கொண்டாவது அதைத் தாங்கப் பழகுங்கள். பிள்ளை பேசி முடித்த பிறகும் இன்னொரு முறை அப்படியே காத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து அது தானே தொடர்வதை நீங்கள் பலமுறை காண்பீர்கள். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். பெயர் காதில் விழுந்ததும் மற்றவர்கள் சிந்திப்பதை நிறுத்திவிடுவார்கள். கூச்சமுள்ள பிள்ளைகள் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

திருத்தும் வேலையைக் கரும்பலகையில் தொடங்காமல் கையில் தொடங்க வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட ஐந்து குச்சிக் கட்டுகளையும் மூன்று உதிரிக் குச்சிகளையும் பிள்ளையின் முன் வைத்து, 'இதிலிருந்து எனக்கு 27 கொடு' என்று கேளுங்கள். இரண்டு கட்டுகளை உடனே எடுத்து நீட்டும். பிறகு மூன்று உதிரிகளையும் கொடுத்துவிட்டு நிற்கும். இன்னும் நான்கு வேண்டும் என்பதை உணர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் எதுவும் சொல்லாமல் இருங்கள். சற்று நேரத்தில் அதன் விரல்கள் ஒரு கட்டின் வளையத்தைத் தொடும். அந்த வளையத்தை நீங்கள் கழற்றிக் கொடுத்துவிட்டால், பாடத்தின் மையத்தையே பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டவர் ஆவீர்கள். குச்சிகளுக்குப் பிறகு அதையே படமாக வரையச் சொல்லி, கடைசியில்தான் எண்களாக எழுதச் சொல்ல வேண்டும். செயல், படம், குறியீடு என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கியிருக்கிறார்.

இங்கே சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'கடன் வாங்குதல்' என்ற வழக்கை நான் கைவிட்டுவிட்டேன்; வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லை, எண்ணும் எங்கிருந்தோ வந்ததாகப் பிள்ளைக்குத் தோன்றுகிறது. 'பத்தைப் பிரித்தல்' என்றால் கையில் நடந்ததும் வாயில் சொல்வதும் ஒன்றாகிவிடும். அதேபோல, முதல் வகுப்பில் நாமே 'பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும்' என்று சொல்லிக் கொடுத்த வாக்கியம்தான், பின்னால் இலக்கங்களைத் தலைகீழாகக் கழிக்க வைக்கும் விதியாகப் பிள்ளையின் மனத்தில் தங்கிவிடுகிறது. 'மூன்று குச்சிகள் இருக்கின்றன, ஏழு கொடுக்கப் போதாது' என்று மட்டும் சொல்லிப் பழக்கினால் போதும்.

ஒரு பிழையை வகுப்பு முழுவதும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், பிள்ளையின் நோட்டைத் தூக்கிக் காட்டாதீர்கள். எண்களை மாற்றி, உங்கள் கையெழுத்தில் கரும்பலகையில் எழுதி, 'இப்படிச் செய்தவர் என்ன நினைத்திருப்பார்?' என்று கேளுங்கள்.

இறுதியாக, உங்கள் குறிப்பேட்டில் பிள்ளையின் பெயர், பிழையின் வகை, தேதி ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். இன்று புரிந்தது நாளை மங்கலாம் என்பதால், ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் 61இலிருந்து 38ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 37 வந்தால் குச்சிக் கட்டுகளுக்கே திரும்புங்கள். 33 வந்தால் படம் வரைவதிலிருந்து மீண்டும் தொடங்கலாம். 23 என்று எழுதி, வழியையும் தன் சொற்களில் சொல்லும் பிள்ளையின் வரியை அடித்துவிடலாம். சரியாக எழுதிவிட்டு வழியைச் சொல்லத் தயங்கும் பிள்ளையின் பெயர் இன்னொரு வாரம் அங்கேயே இருக்கட்டும்.