ஆட்சிக் கவிழ்ப்பு: எங்கே எழுதலாம், எங்கே கூடாது

செட்டிநாட்டில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள், முன்னோர் பர்மாவில் சேர்த்த சொத்தின் கதைக்கு வந்ததும், "அங்கே ஆட்சி கவிழ்ந்தது, சொத்தெல்லாம் போயிற்று" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த வரிக்குள் மூன்று வேறு நிகழ்வுகள் கிடக்கின்றன.

முதலில் வினைச்சொல். 'கவிழ்ந்தது' தானாக விழுவதையும் குறிக்கும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் தோற்றதை "ஆட்சி கவிழ்ந்தது" என்று எழுதலாம். 1976 ஜனவரி 31 அன்று மத்திய அரசு அரசமைப்பின் 356ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாட்டின் தி.மு.க. அரசை நீக்கியது 'ஆட்சிக் கலைப்பு'. 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்ற பெயர்ச்சொல்லை, அரசமைப்பை மீறி ஆட்சியைப் பறிப்பதற்கே வைத்துக்கொள்வது நல்லது. மேடைப் பேச்சில் எல்லாமே 'கவிழ்ப்பு'தான். அதை வரலாற்றில் ஏற்றாதீர்கள்.

இப்போது பர்மா. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது படையெடுப்பு. நிலம் போனதற்கு வேர், விடுதலைக்குப்பின் பிரதமர் ஊ நூவின் அரசு 1948இல் கொண்டுவந்த நில தேசியமயச் சட்டம். அங்கே யாரும் ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. 1962 மார்ச் 2 அன்று தளபதி நெ வின் பிரதமர் ஊ நூவைச் சிறைப்பிடித்து அதிகாரத்தைக் கைப்பற்றியதுதான் ஆட்சிக் கவிழ்ப்பு. 1963இல் வங்கிகள், 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாமல் போயின.

ஆகவே பழைய ஐந்தொகையையும் (சொத்து, கடன் கணக்கு) கடிதங்களையும் எடுத்துத் தேதி பாருங்கள். போனது வயலா, கடையா, ரொக்கமா? வயல் என்றால் 1962ஐக் காரணமாக எழுதுவது பிழை.

'ராணுவப் புரட்சி' என்று நாளிதழ்கள் எழுதிப் பழக்கிவிட்டன. நெ வின் தன் குழுவுக்கே 'புரட்சிக் குழு' என்று பெயர் வைத்தார். கவிழ்த்தவர் சூட்டிய பெயரை மேற்கோள்குறிக்குள் வையுங்கள். 2022இல் கொழும்பில் நடந்தது மக்கள் எழுச்சி. 1962 ஜனவரியில் அதே இலங்கையில் ராணுவ, போலீஸ் அதிகாரிகள் போட்ட திட்டம் முன்கூட்டியே அம்பலமானது. அது 'ஆட்சிக் கவிழ்ப்புச் சதி'. துருக்கியில் 2016இல் துருப்புகள் தெருவில் இறங்கியும் தோற்றன. அது 'கவிழ்ப்பு முயற்சி'.

'ஆட்சி மாற்றம்' இன்னும் வழுக்கும் சொல். நம் ஊரில் அது தேர்தல் முடிவு. ஈராக்கில் 2003இல் அமெரிக்கா செய்ததையும் அதே சொல்லால் எழுதினால் வாசகர் வாக்குச்சாவடியை நினைப்பார். "அயல்நாட்டுப் படை ஆட்சியை அகற்றியது" என்று விரித்தே எழுதுங்கள். ஈரானில் 1953இல் பிரதமர் மொசாதெக் வீழ்ந்தபோது உள்ளே ராணுவம், பின்னால் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள். இரண்டையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஒற்று: 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்பதில் க் வரும், 'ஆட்சி கவிழ்ந்தது', 'ஆட்சி மாற்றம்' இரண்டிலும் வராது.