கோடைக்கு முன்னால் யூரியா வைக்கோல் போட்டுவிடுங்கள்

திருவாடானை, தொண்டி பக்கம் தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வீடு வைக்கோல் படப்பு ஏறிவிடும். பங்குனிக்கு மேல் மேய்ச்சல் இல்லை; ஐப்பசி மழை இறங்கும்வரை அந்தப் படப்புதான் மாட்டுக்குக் கதி. வயிறு நிறையத் தின்றும் மாடு இளைக்கிறதே என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வைக்கோலில் சத்து இல்லாமல் இல்லை. அதன் செல் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளை லிக்னின் என்ற கட்டைப் பொருள் இறுக்கிப் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஃபெரூலிக் அமிலம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அது அவிழ்ந்தால்தான் மாட்டு வயிற்று நுண்ணுயிர்களுக்கு வழி கிடைக்கும்.

பூஞ்சைகளுக்கு இந்த முடிச்சை அவிழ்க்கும் வித்தை தெரியும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையில் அந்த முடிச்சை வெட்டும் நொதியின் மரபணுவை டால் ஃபெஸ்க்யூ என்ற குளிர்நாட்டுப் புல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள். புல் எளிதாகச் செரித்தது. நம் நெல்லுக்கு அப்படி விதை வரும்வரை அதே முடிச்சை அம்மோனியாவால் தளர்த்தலாம். யூரியாவே ஈரத்தில் அம்மோனியாவாக மாறும்.

100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் ஊருணித் தண்ணீர். ஒரு குருணைகூட அடியில் தங்காமல் கரையுங்கள். தார்ப்பாய் விரித்து, முழ உயரம் வைக்கோல் பரப்பி, பூவாளியால் தெளித்து, ஏறி மிதியுங்கள். பிறகு அடுத்த அடுக்கு. மிதிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே காற்று நின்றால் பூசணம் பிடிக்கும். மேலே இன்னொரு தார்ப்பாய் மூடி ஓரமெல்லாம் மண் அணையுங்கள். நம் கடற்காற்றுக்கு மண் மட்டும் போதாது, பழைய மீன்வலையைப் போர்த்திக் கல் கட்டிவிடுங்கள். 21 நாள் தொடவே கூடாது.

அப்புறம் ஒரு ஓரத்தை மட்டும் பிரியுங்கள். நெடி மூக்கில் ஏறும், கண் எரியும். வைக்கோல் பழுப்பேறி, முறுக்கினால் ஒடியாமல் துவளும். பூசணம் கண்ட இடத்தைத் தயங்காமல் எறியுங்கள். மறுநாளைக்கு வேண்டியதை முந்தின மாலையே உதறிப் பரப்பினால் நெடி போய்விடும். முதலில் சாதா வைக்கோலோடு கால் பங்கு கலந்து, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

ஆறு மாதம் ஆகாத கன்றுக்குக் கொடுக்கவே வேண்டாம். யூரியா கரைத்த வாளி மாட்டின் வாய்க்கு எட்டவே கூடாது, குடித்தால் உயிர் போகும். வாய் நுரைத்து உடம்பு நடுங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.